பிறந்த குழந்தையின் இருதயமும் இரண்டாம் நாட் சோதனையும்

குழந்தை பிறந்த வீட்டில் உற்றாரும் அயலாரும் வினவும் வினாக்கள் சில உண்டு. ஆணா பெண்ணா என்பர். எடை எவ்வளவு என்பர். சாயல் யாருடையது என்பர். தாய் நலமா என்பர். இவற்றோடு சேர்த்து வினவத்தக்க வினா மற்றொன்று உளது. 'குழந்தையின் வலக்கையிலும் காலிலும் பிராணவாயுவின் அளவு பார்த்தாயிற்றா?' என்பதே அது. இவ்வினாவின் பொருள் யாது, இதனை வினவாது விடுதலால் நேரக்கூடிய கேடு யாது என்பவற்றை நம் கல்லூரி அன்பர்கட்கு எடுத்துரைத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். யாம் தமிழ் பயிலும் மாணவரேயன்றி மருத்துவம் பயில்வோம் அல்லேம். ஈண்டுக் கூறப்படுவன மருத்துவ நூலோர் ஆராய்ந்து நிறுவியவை. அவற்றைத் தமிழில் சொல்லும் பணி ஒன்றே எம்முடையது.

பிள்ளைத்தமிழ் என்னும் பிரபந்தத்தை அன்பர்கள் அறிவர். குழந்தையின் மூன்றாந் திங்கள் முதலாகப் பத்துப் பருவங்கள் வகுத்து, அவற்றுள் முதலாவதற்குக் காப்புப் பருவம் என்று பெயரிட்டனர் பாட்டியலார். குழந்தையைக் காத்தருளுமாறு தெய்வங்களை வேண்டுதல் அப்பருவத்தின் பொருளாகும். இக்காலத்து மருத்துவ நூல் காட்டும் உண்மையோ, சில குழந்தைகட்குக் காப்பு மிகுதியும் வேண்டப்படுவது மூன்றாந் திங்களில் அன்று, முதல் மூன்று நாட்களிலேயே என்பதாம்.

அஃதெங்ஙனமெனிற் கூறுதும். உயிருடன் பிறக்கும் ஆயிரங் குழந்தைகளுள் ஏறத்தாழ எட்டு அல்லது ஒன்பது குழந்தைகள் இருதயத்தில் ஏதேனும் ஒரு பிறவிக் குறையுடன் பிறக்கின்றன. இது செல்வர்க்கென்றும் வறியவர்க்கென்றும் வேற்றுமை பாராட்டுவதன்று. தில்லி மாநகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் 20,307 குழந்தைகளை வைத்தியர் ஆராய்ந்தபோது, 164 குழந்தைகளிடத்துப் பொருட்படுத்தத்தக்க இருதயக் குறை காணப்பட்டது. ஆயிரத்துக்கு எட்டு என்னுங் கணக்கு அங்கும் பொருந்தியது. இந்தியா முழுமையும் ஓராண்டில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு பிறக்கின்றன என்று மதிப்பிடுவர். இக்குறைகளுட் பல தாமே மறைவன. சில பொறுத்திருந்து திருத்தத்தக்கன. ஆனால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, முதலாண்டிலேயே, சிலவிடத்து முதல் வாரத்திலேயே, சிகிச்சை செய்யாவிடின் உயிரைக் கொள்ளை கொள்ளும் கொடுங் குறைகளாம். நாம் பேசப் புகுந்தது இக்கொடுங் குறைகளைப் பற்றியே.

இவற்றின் வஞ்சகத்தை உணர வேண்டுமாயின், கருவிலிருக்குங் குழந்தையின் இரத்த ஓட்டம் எத்தன்மையது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும். கருவிலுள்ள குழந்தை மூச்சு விடுவதில்லை. அதற்கு வேண்டிய பிராணவாயு தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சின் வழியாகவும் கொப்பூழ்க் கொடியின் வழியாகவும் வந்து சேர்கின்றது. அக்காலத்து நுரையீரலுக்கு வேலையில்லை. ஆதலின், இரத்தம் நுரையீரலுக்குட் புகாது விலகிச் செல்லும்பொருட்டு இயற்கை இரண்டு குறுக்கு வழிகளை அமைத்துள்ளது. ஒன்று, இருதயத்தின் மேலறைகள் இரண்டுக்கும் இடையேயுள்ள சிறு துவாரம். மற்றொன்று, நுரையீரலுக்குச் செல்லுந் தமனியையும் உடல் முழுமைக்கும் இரத்தங் கொண்டு செல்லும் பெருந்தமனியையும் இணைக்கும் சிறு குழாய். இதனை நாம் குறுக்குக் குழாய் என்று வழங்குவோம்.

குழந்தை பிறந்து முதல் மூச்சை இழுத்து அழுதவுடன் நுரையீரல் விரிகின்றது, கொடி அறுக்கப்படுகின்றது. அப்போது முதல் குறுக்குக் குழாய்க்கு வேலையில்லை. இரத்தத்திற் பிராணவாயு மிகுவதாலும், அக்குழாயைத் திறந்து வைத்திருந்த ஒருவகைச் சத்து குறைவதாலும், அது சுருங்கத் தொடங்கி, நிறைமாதத்திற் பிறந்த குழந்தைகள் பெரும்பாலாரிடத்து மூன்று நாட்களுக்குள் அடைபட்டுவிடுகின்றது. நல்ல இருதயமுடைய குழந்தைக்கு இது நன்மையே.

இனி, குறையுள்ள இருதயத்தை நோக்குவோம். சில குழந்தைகட்கு இருதயத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் வாயில் பிறவியிலேயே அடைபட்டிருக்கும். நுரையீரலுக்கு இரத்தம் போவதற்கு அந்தக் குறுக்குக் குழாயே வழி. வேறு சிலருக்கு இருதயத்தின் இடப்பாகம் வளர்ச்சி குன்றியிருக்கும். உடல் முழுமைக்கும் இரத்தம் போவதற்கு அதே குழாயே வழி. இன்னுஞ் சிலருக்குப் பெருந்தமனியும் நுரையீரல் தமனியும் இடம் மாறிப் பிறந்திருக்கும். சுத்த இரத்தமும் அசுத்த இரத்தமும் தனித்தனியே சுற்றிவர, அவை சிறிதேனும் கலப்பதற்கு மேற்கூறிய குறுக்கு வழிகளே துணை. குழாய் திறந்திருக்கும் மட்டும் இக்குழந்தைகள் பால் குடிப்பர், அழுவர், உறங்குவர். பார்ப்பவர்க்கு நலமுற்ற குழந்தைகளாகவே தோன்றுவர். குழாய் அடைபடும்போதே இடர் வெளிப்படுகின்றது. அதாவது, எல்லாருங் கூடி நின்று குழந்தையைப் பார்க்கும் நாட்களில் நோய் மறைந்திருக்கின்றது. தாயும் சேயும் வீடு சேர்ந்து, கூட்டங் கலைந்த பின்னரே அது தலைகாட்டுகின்றது.

அப்போது நிகழ்வதை அன்பர்கள் எண்ணிப் பார்ப்பாராக. குழந்தை பால் குடிப்பதை நிறுத்துகின்றது, மூச்சு விரைகின்றது, உடல் குளிர்கின்றது. வீட்டிலுள்ள மூதாட்டி ஒருவர் உரம் விழுந்திருக்கின்றது என்பார். மற்றொருவர் மாந்தம் என்பார். யாரோ கண் வைத்துவிட்டார்கள் என்பாரும் உளர். அவர்கள் அன்பில்லாதவர் அல்லர். தமக்குத் தெரிந்த பெயர்களையே சொல்லுகின்றனர். உரம் எடுப்பதிலும் கண்ணேறு கழிப்பதிலும் சில நாழிகைகள் கழிகின்றன. அந்த நாழிகைகளே குழந்தையின் உயிருக்கு விலையாகிவிடுகின்றன.

'குழந்தை நீலம் பாய்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாதா?' என வினவலாம். தெரியும்; ஆனால் காலந் தாழ்த்தே தெரியும். நலமுள்ள குழந்தையின் தமனி இரத்தத்தில், பிராணவாயுவை ஏற்குந் தகுதியுடைய செம்பொருளில் நூற்றுக்கு 95 பங்கும் அதற்கு மேலும் பிராணவாயு ஏறியிருக்கும். அவ்வளவு 90-க்குக் குறைந்தாலும் கண் அதனை எளிதில் அறிவதில்லை. ஏறத்தாழ 80-ஐ அணுகும்போதே உதட்டிலும் நாவிலும் நீலம் தெளிவாகத் தோன்றும். நம் நாட்டுக் குழந்தைகளின் மாநிறத்திலும் கருநிறத்திலும் அந்நீலத்தைக் காண்டல் இன்னும் அரிது. வைத்தியர் ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைத்துக் கேட்பினும், கொடுங் குறைகள் சிலவற்றில் முரண்பட்ட ஓசை யாதுங் கேளாது. ஆகவே, கண்ணும் செவியும் காணாததைக் காணும் கருவி ஒன்று வேண்டப்படுகின்றது.

அக்கருவி நமக்குப் புதியதன்று. 2020, 2021-ம் ஆண்டுகளிற் கொரோனாக் கொள்ளைநோய் பரவிய காலத்துப் பலரும் மருந்துக் கடைகளில் வாங்கி விரலில் மாட்டிப் பார்த்த பல்ஸ் ஆக்ஸிமீட்டரே அது. ஜப்பான் தேசத்து டக்குவோ அவோயாகி என்னும் பொறியியலறிஞர் 1970-களின் தொடக்கத்தில் இதன் தத்துவத்தைக் கண்டார். பிராணவாயு ஏறிய இரத்தமும் ஏறாத இரத்தமும், செவ்வொளியையும் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பொளியையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சுகின்றன. இரண்டொளிகளையும் தோலின் ஊடே செலுத்தி, நாடித் துடிப்போடு கூடி மாறுபடும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்துக் கணக்கிட்டால், தமனி இரத்தத்தின் பிராணவாயு அளவு கிடைக்கும். ஊசியில்லை, இரத்தம் எடுப்பதில்லை, குழந்தைக்கு நோவில்லை. எனினும், பெரியோர்க்குரிய விரற்கருவியைக் குழந்தைக்கு மாட்டலாகாது. பச்சிளங் குழந்தைக்கென்று அமைந்த மெல்லிய பட்டையே பயன்படுத்தப்படும்.

சோதனை செய்யும் முறையாவது: குழந்தை பிறந்து 24 மணி நேரம் கழிந்த பின்னர், வீடு செல்லுமுன், வலக்கையில் ஒருமுறையும் ஏதேனும் ஒரு காலில் ஒருமுறையும் அளவு பார்த்தல். வலக்கையே வேண்டுமென்பதற்குக் காரணம் உண்டு. வலக்கைக்குச் செல்லுந் தமனி, குறுக்குக் குழாய் வந்து சேருமிடத்துக்கு முன்னரே பெருந்தமனியினின்று பிரிகின்றது. காலுக்குச் செல்லும் இரத்தமோ அவ்விடத்தைக் கடந்தே செல்கின்றது. அசுத்த இரத்தம் குழாயின் வழியே கலக்குமாயின், கையின் அளவுக்கும் காலின் அளவுக்கும் வேற்றுமை தோன்றும். இரண்டிடத்தும் 95-ம் அதற்கு மேலும் இருந்து, வேற்றுமை மூன்றுக்கு மேற்படாதாயின் குழந்தை தேறியதாம். எவ்விடத்தேனும் 90-க்குக் கீழாயின் உடனே வைத்தியர் ஆராய்தல் வேண்டும். இடைப்பட்ட அளவாயின் ஒரு மணி நேரங் கழித்து மீண்டும் பார்த்தல் வேண்டும். குழந்தை வெதுவெதுப்பாகவும் அமைதியாகவும் இருத்தல் நன்று. கால் சில்லிட்டிருப்பினும், உதைத்துக்கொண்டிருப்பினும், கடும் வெளிச்சம் படினும் அளவு பிழைபடும். இவையாவும் சில நிமிடங்களில் முடிவன.

இதனாற் பயனுண்டோ எனின், பல நாடுகளில் ஆராய்ந்து கண்டுள்ளனர். சுவீடனில் 39,821 குழந்தைகளிடத்துச் செய்த ஆராய்ச்சி 2009-ம் ஆண்டிலும், இங்கிலாந்தில் 20,055 குழந்தைகளிடத்துச் செய்த ஆராய்ச்சி 2011-ம் ஆண்டிலும் வெளிவந்தன. 2011-ம் ஆண்டிலேயே அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணம் இச்சோதனையைச் சட்டமாக்கியது. பின்னர் 2018-ம் ஆண்டளவில் அந்நாட்டு மாகாணங்கள் யாவும் இதனை மேற்கொண்டன. முதலிற் சட்டமியற்றி நடைமுறைப்படுத்திய எட்டு மாகாணங்களில், கொடிய இருதயக் குறையால் இறக்குங் குழந்தைகளின் தொகை, அத்தகைய சட்டமில்லாத மாகாணங்களோடு ஒப்பிட 33 சதவீதம் குறைந்தது என 2017-ம் ஆண்டில் வெளியான கணக்குக் கூறுகின்றது. மூன்றில் ஒரு பங்கு சாவு, ஒரு சிறு விளக்கொளியால் தடுக்கப்பட்டதென்றால், அது சிறிய காரியம் அன்று.

கண்டறிந்த பின்னர்ச் செய்யத்தக்கது யாது? இவ்விடத்து ஹெலன் டாசிக் அம்மையாரை நினைவு கூர்தல் தகும். அமெரிக்காவில் பால்ட்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் நீலக் குழந்தைகளுக்கு வைத்தியஞ் செய்துவந்த இவ்வம்மையார், செவிப்புலன் குன்றியவர். குழந்தையின் மார்பில் விரல்களை வைத்தே இருதயத்தின் நிலையை உணரப் பழகியவர். குறுக்குக் குழாய் திறந்திருக்குமளவும் சில குழந்தைகள் பிழைத்திருப்பதும், அது மூடியவுடன் நலிவதும் அவர் கருத்திற் பட்டன. 1938-ம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து ராபர்ட் கிராஸ் என்பார், மூடாது நின்ற குழாய் ஒன்றை அறுவை முறையாற் கட்டியிருந்தார். குழாயை மூடக் கூடுமாயின் புதிதாக ஒன்றை அமைக்கவுங் கூடாதா என்று அம்மையார் வினவினார். கிராஸ் அதனை ஏற்றிலர். ஆல்பிரட் பிளாலக் என்னும் அறுவை வைத்தியர் ஏற்றார். அவருடைய ஆய்வுக்கூடத் துணைவரும், நீகிரோ வகுப்பினர் என்னுங் காரணத்தால் அக்காலத்து உரிய மதிப்புப் பெறாதவருமான விவியன் தாமஸ் என்பார் அம்முறையைச் செய்து பழகிக் காட்டினார். 1944-ம் ஆண்டு நவம்பர் 29-ந் தேதி முதற் குழந்தைக்கு அச்சிகிச்சை செய்யப்பட்டது. திறந்திருந்தால் உயிர், மூடினால் சாவு என்னும் அந்தச் சிறு குழாயின் உண்மையினின்றே இத்துறை முழுதும் கிளைத்தது எனலாம்.

1970-களின் நடுவில், குழாயைத் திறந்து வைக்கும் இயற்கைச் சத்தாகிய புரோஸ்டாகிளாண்டினையே மருந்தாகச் செலுத்தலாம் என்பது கண்டுபிடிக்கப்பட்டது. இம்மருந்து சிறிது சிறிதாக இரத்தத்திற் செலுத்தப்படின், அடைபடும் குழாய் திறந்து நிற்கும். குழந்தையை அறுவை செய்யும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல அவகாசங் கிடைக்கும். இடம் மாறிய தமனிகளை மாற்றித் தைக்கும் முறையை 1975-ம் ஆண்டில் பிரேசில் தேசத்து ஜட்டேனே என்பார் செய்து காட்டினார். இன்று அது பிறந்த சில வாரங்களுக்குள் செய்யப்படுகின்றது. நம் நாடும் இதிற் பின்தங்கி நிற்கவில்லை. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 1961-ம் ஆண்டிலேயே திறந்த இருதய அறுவை செய்யப்பட்டது. இன்று சென்னையிலுள்ள ஆஸ்பத்திரிகள் பலவற்றில் பச்சிளங் குழந்தைகட்கும் இருதய அறுவை செய்கின்றனர். ஆகவே, சிகிச்சை இல்லை என்பது குறையன்று; உரிய பொழுதில் நோயை அறியாமையே குறை.

இச்சோதனையின் எல்லைகளையும் மறையாது கூறுதல் வேண்டும். 21 ஆராய்ச்சிகளைத் தொகுத்து, நாலரை இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் கணக்கை 2018-ம் ஆண்டில் ஒப்புநோக்கியபோது, கொடுங்குறையுள்ள நூறு குழந்தைகளில் ஏறத்தாழ 76 குழந்தைகளை இச்சோதனை கண்டுபிடித்தது; எஞ்சிய 24 தப்பிவிட்டன. பெருந்தமனி ஓரிடத்திற் குறுகியிருக்கும் குறை அவ்வாறு தப்புவனவற்றுள் முதன்மையானது. ஆதலின், வைத்தியர் குழந்தையின் தொடையருகே நாடி பார்த்தலும், மார்பை ஆராய்தலும் இன்றியமையாதனவே. நோயில்லாத குழந்தையை நோயுள்ளதென இச்சோதனை சொல்வது பதினாயிரத்துக்குப் பதினான்கு என்னும் அளவே. அவ்வாறு அகப்பட்ட குழந்தைகளுள் சிலவும், இருதயம் நன்றாயிருப்பினும் நுரையீரற் கோளாறோ கிருமித் தொற்றோ உடையனவாய் இருக்கக் காண்கின்றனர். மேலும், கருநிறத்தவரிடத்து இக்கருவி உண்மையினும் சிறிது மிகுத்துக் காட்டக்கூடும் என்று, வளர்ந்த நோயாளரை ஆராய்ந்து 2020-ம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் எழுதினர். நம்மவர்க்கு இது நினைவில் இருத்தற்குரியது. விளிம்பில் நிற்கும் அளவைத் தேறியதெனக் கொண்டு அமைதியடைதல் கூடாது.

இனி, நம் அயலூராகிய பெருங்களத்தூரை எடுத்துக்கொள்வோம். தாம்பரத்தை அடுத்துப் பெருஞ்சாலையின் மேலும் இருப்புப்பாதையின் மேலும் அமைந்த இவ்வூர், 2021-ம் ஆண்டு முதல் தாம்பரம் மாநகராட்சியைச் சேர்ந்தது. தெற்கே ஜில்லாத் தலைநகராகிய செங்கற்பட்டில் அரசினர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. வடக்கே எழும்பூரில், 1844-ம் ஆண்டில் தோன்றிய பிரசவ ஆஸ்பத்திரியும் குழந்தைகள் ஆஸ்பத்திரியும். மின்சார ரயில் இவ்விரண்டு திசைகளுக்கும் செல்கின்றது. எனவே, வழியில்லாத ஊர் இது என்று எவருஞ் சொல்லார். ஆயினும் மற்றொரு செய்தியை நோக்குக. தென் ஜில்லாக்களினின்று வந்து பிழைப்பு நடத்தும் குடும்பங்கள் இப்பகுதியில் மிகப் பல. மகளின் பிரசவத்துக்குத் தாய் இங்கு வருதலும், பிரசவமான சில நாட்களில் தாயையும் சேயையும் சொந்த ஊருக்கு அழைத்துச் செல்லுதலும் வழக்கம். தென்னாட்டுப் பஸ்கள் நெடுங்காலம் பெருங்களத்தூரில் நின்று ஜனங்களை ஏற்றிச் சென்றன. 2023-ம் ஆண்டின் இறுதியிற் கிளாம்பாக்கத்துப் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. இருதய வைத்தியர் பலர் வாழும் பட்டணத்தருகே பிறந்த குழந்தை, குறுக்குக் குழாய் அடைபடும் அந்த நாட்களிலேயே, அவ்வைத்தியர் எட்டாத தொலைவுக்குப் பயணப்படுகின்றது! பயணத்துக்கு முன் சில நிமிடச் சோதனை நிகழ்ந்திருக்குமாயின், அக்குழந்தை போகவேண்டிய திசை தெற்கு அன்று, வடக்கு என்பது விளங்கியிருக்கும்.

அரசினர் செய்துள்ள ஏற்பாடுகளும் அறியத்தக்கன. குழந்தைகளின் பிறவிக் குறைகளையும் நோய்களையும் கண்டறியும் தேசியச் சிறார் நலத் திட்டம் 2013-ம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. பிறவி இருதய நோயும் அதில் அடங்கும். கேரளத்தார் 2017-ம் ஆண்டில் 'ஹ்ருத்யம்' என்னுந் திட்டத்தால், இத்தகைய குழந்தைகளைப் பதிவு செய்து, உரிய ஆஸ்பத்திரிக்கு உரிய பொழுதில் அனுப்ப வகை செய்தனர். நம் தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம், தகுதியுடைய குடும்பத்துக் குழந்தைகளின் இருதய அறுவைக்கும் உதவுகின்றது. 2008-ம் ஆண்டு முதல் 108 என்னும் எண்ணில் அழைப்பார்க்கு வண்டியும் வருகின்றது. வண்டியுண்டு, பணத்துக்கு வழியுண்டு, வைத்தியரும் உளர். ஆயினும் இச்சோதனை பிரசவ ஆஸ்பத்திரி ஒவ்வொன்றிலும் தவறாது செய்யப்படும் வழக்கமாக இன்னும் வேரூன்றவில்லை. கேட்பார் உளராயின் வழக்கம் தானே வேரூன்றும்.

சோதனையில் தேறிய குழந்தையிடத்தும் தாய்மார் கவனிக்கத்தக்க குறிகள் சில உள. பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்தல்; இரண்டு வாய் குடித்து இளைத்து விட்டுவிடுதல்; உறங்கும்போதும் மூச்சு விரைந்தோடுதல்; நாவும் உதட்டின் உட்புறமும் நீலமாதல்; எடை ஏறாமை என்பன அவை. கையும் காலும் மட்டும் சிறிது நீலமாய்த் தோன்றுதல் முதல் நாட்களில் இயல்பே; நாவின் நீலம் இயல்பன்று. இக்குறிகளைக் காணின் உரம் எடுப்பாரைத் தேடாது வைத்தியரை நாடுதல் வேண்டும். வீட்டு மூதாட்டியரை இகழ்தலாற் பயனில்லை. அவரிடமே இக்குறிகளைச் சொல்லி வைப்பின், குழந்தையை இமைகொட்டாது பார்த்திருப்பவர் அவரேயாதலின், முதலிற் கண்டு சொல்பவரும் அவரே ஆவர்.

அன்பர்களே, நம்மிற் பலர் இன்னும் சில ஆண்டுகளில் இல்லறத்தில் அமர்வோம். அதற்கு முன்னரே அக்காள் வீட்டிலும் அண்ணன் வீட்டிலும் தொட்டில் கட்டக் காண்போம். பழைய மாணவர் பலர் இன்றே தந்தையராகவும் பாட்டனாராகவும் உள்ளனர். இனிப்புக் கட்டியோடு ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது, சாயலையும் எடையையும் வினவுவதோடு அமையாது, செவிலியிடத்து வணக்கமாக இன்னுமொன்று வினவுவோமாக: 'அம்மா, குழந்தைக்கு இருபத்துநான்கு மணி நேரம் ஆயிற்றே, வலக்கையிலும் காலிலும் அளவு பார்த்தீர்களா? எவ்வளவு இருந்தது?' நூறு வீடுகளில் விடை மகிழ்ச்சியாகவே இருக்கும். யாரோ ஒருவர் வீட்டில் அவ்வினா ஓருயிரைக் காக்கும். அவ்வீடு யாருடையது என்பதை முன்னதாக அறிவார் இல்லை. ஆதலின் எல்லா வீட்டிலும் வினவுதலே முறையாம்.